சத்தம் குறைந்த தோட்டா

பக்கத்து வீட்டுக்காரர்கள் காலி செய்துகொண்டு போனதற்குக் காரணம் நான்தான். இதை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அவளிடமும் நானாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளே துருவித் துருவிக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெரிபீயில் புது வீட்டுமனைகள் எல்லாம் முடிந்து வெறும் புல்வெளி தொடங்குகிற இடத்தில் ஐந்து ஏக்கரோடு ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தோம். எனக்கு மெல்பர்ன் நகரத்துக்குள் கம்ப்யூட்டர் வேலை. ஸ்டேஷன் வரை கார், அப்புறம் ரயில். ஆபீஸில் இருந்த நம்ம ஊர்க்காரர்கள், "இவ்வளவு தூரம் தள்ளி எதுக்குப்பா? பைத்தியமா உனக்கு?" என்றார்கள். சொந்தமாகக் கொஞ்சம் மண் வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. மண் கிடைத்தது. அதோடு முயலும் கிடைத்தது.

முயல் என்றதும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எனக்கும் முதலில் வந்தது. எலுமிச்சைக் கன்றுகளின் பட்டையைச் சுற்றிலும் கடித்து ஒரே வாரத்தில் நான்கைக் கொன்றபோது சிரிப்பு நின்றது. வேலி போட்டேன், அடியில் தோண்டிக்கொண்டு வந்தன. துணி காயப்போடப் போன மனைவி வளைக்குள் கால் விட்டுக் கணுக்காலைப் பிசக்கிக்கொண்டாள். இதற்கு நடுவில் அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம். நிலம் வைத்திருப்பவர்தான் அதிலுள்ள முயல்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மரியாதையாக மிரட்டியிருந்தார்கள். விஷம் வைக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுச் சிறுமி ஒரு நாய்க்குட்டி வளர்த்தாள். அது வேலி என்று ஒன்று இருப்பதையே மதிக்காது. கடைசியில் மிச்சமிருந்தது துப்பாக்கி.

முட்டை கூட நுழையாத வீட்டில் பிறந்தவன் நான். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் பஜனை நடக்கும். அப்படிப்பட்டவன் வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டியைச் சுவரோடு சேர்த்து முடுக்கி, சட்டப்படி எல்லாவற்றையும் செய்தேன். வாங்கியது ட்வென்டி-டூ ரைபிள். முயலுக்கு அது போதும். பஜனைக்கு வருகிறவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வேலியை ஒட்டிய மர வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கணவன், மனைவி, எட்டு வயது மகள். கணவருக்கு நாற்பது வயது இருக்கும். வன்னியிலிருந்து படகில் வந்தவர். காய்கறி பேக்கிங் செய்யும் ஷெட்டில் வேலை. தற்காலிக விசாதான், அது எப்போது முடியும், எப்போது நீளும் என்று அவருக்கே தெரியாது. என்னை "அண்ணா" என்பார். நான் "தம்பி" என்பேன். அவர் வேலி ஓரமாகப் பயற்றங்காய்ப் பந்தல் போட்டிருந்தார். சாயங்காலம் பந்தலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் மனைவி புட்டு அனுப்புவார், என் மனைவி சாம்பார்ப் பொடி அனுப்புவாள். அந்த வீட்டைத் தாண்டி வேறு தமிழ் வீடு பல மைல்களுக்கு இல்லை.

எல்லாம் பேசுவோம், ஒன்றைத் தவிர. அவர் நாட்டில் நடந்ததை நான் கேட்டதே இல்லை. இந்தியத் தமிழர்கள் எங்களுக்குள் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஈழத்திலிருந்து வந்தவர் முன்னால் சண்டை, குண்டு, துப்பாக்கி என்ற பேச்சு வந்தால் குரலைத் தாழ்த்திச் சட்டென்று கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவோம். அவர் மனசு நோகக்கூடாதாம். உண்மையில் கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்ற பயம். டிவியில் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றினவர்கள்தானே நாம். அந்தக் குறுகுறுப்பு எனக்கும் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு நடைமுறை. யாராவது தங்கள் நிலத்தில் சுடப் போவதாக இருந்தால் சுற்றியுள்ள வீடுகளுக்கு முன்கூட்டியே போனில் ஒரு வரி அனுப்பிவிடுவார்கள். பின்பக்கம் ஆடு வளர்க்கும் வெள்ளைக்காரர் அதில் ரொம்ப ஒழுங்கு. 'இன்று ஐந்து மணிக்கு, நரி, அரை மணி நேரம்' என்று வரும். என் முறை வந்தபோது எனக்குக் கை வரவில்லை. அந்தத் தம்பியிடம் போய், "நான் துப்பாக்கி வாங்கியிருக்கேன், நாளைக்குச் சுடப் போறேன்" என்று எந்த வாயால் சொல்வது? சத்தமே கேட்காதபடி செய்துவிட்டால் சொல்லவே வேண்டாமே என்று தோன்றியது. ஆபீஸில் இப்படித்தான் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்ப் பழக்கம்.

துப்பாக்கிக் கடைக்காரப் பெண் என் வயதுக்காரி. சைலன்சர் உன்னைப் போன்றவர்களுக்கு இங்கே கிடையாது, தோட்டாவைத்தான் மாற்ற வேண்டும் என்றாள். சாதாரணத் தோட்டா ஒலியை முந்திக்கொண்டு பாய்வதால்தான் காற்றில் சாட்டை சொடுக்கின மாதிரி ஒரு சத்தம் எழுகிறது. ஒலியின் வேகத்துக்குக் கீழே போகிற தோட்டா இருக்கிறது, அதற்கு அந்தச் சொடுக்கு கிடையாது. மேஜைமேல் நாலைந்து பெட்டிகளை அடுக்கினாள். பிறகு, பக்கத்து வீடு எவ்வளவு தூரம், அவர்களிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். அவ்வளவு சுலபமாகப் பொய் வந்தது.

எந்தத் தோட்டா என்று தேர்ந்தெடுக்க நான் பட்ட பாடு இருக்கிறதே, பெண் பார்க்கப் போனபோதுகூட அவ்வளவு பார்க்கவில்லை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொன்று ஒத்துப்போகும் என்பதால் வகைக்கு ஒரு பெட்டியாக வாங்கி, கிளப் மைதானத்தில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தேன். ஒன்று மிகமிக அமைதி, ஸ்டேப்ளர் அடித்த மாதிரிதான் கேட்கும். ஆனால் வேகம் போதாது. அதில் சுட்ட முதல் முயல் சாகாமல் பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு போனது. ஓடிப்போய் இன்னொரு முறை சுட வேண்டியிருந்தது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் நடுத்தரமாக ஒன்று அமைந்தது. நாற்பது மீட்டரில் ஒரு ரூபாய்க் காசுக்குள் விழும், முயல் இருந்த இடத்திலேயே சரியும், சத்தம் கனமான புத்தகத்தைத் தரையில் போட்ட மாதிரி. குண்டு தாண்டிப் போகாதபடி மண்மேட்டைப் பார்த்துத்தான் எப்போதும் சுடுவேன்.

அந்தத் தோட்டாவால் முதல் நாள் சுட்டுவிட்டு உள்ளே வந்து மனைவியிடம், "சத்தம் கேட்டுச்சா?" என்றேன்.

"மிக்ஸி ஓடிட்டிருந்துச்சு. எதுவும் கேக்கல. பக்கத்து வீட்ல சொல்லிட்டீங்களா?"

"கேக்காத சத்தத்துக்கு எதுக்கு சொல்லணும்?"

"உங்க சாமர்த்தியத்த நீங்கதான் மெச்சிக்கணும்" என்று போய்விட்டாள். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

வாரத்தில் இரண்டு நாள், வெயில் தாழ்ந்து முயல்கள் மேய வரும் நேரத்தில், ஐந்தாறு தோட்டா. இரண்டு மாதத்தில் முயல் நன்றாகக் குறைந்தது. புது எலுமிச்சைக் கன்று துளிர்விட்டது. அதே இரண்டு மாதத்தில் பக்கத்து வீடும் அடங்கிப்போனது. தம்பி வேலிப் பக்கம் வருவதில்லை. பந்தலில் பயற்றங்காய் பறிப்பாரில்லாமல் முற்றிக் காய்ந்து தொங்கியது. பள்ளிவிட்டு வந்ததும் நாயோடு ஓடித் திரிகிற பிள்ளையின் குரலே இல்லை. எங்கள் வீட்டைப் பார்த்த அவர்கள் ஜன்னல்களில் எப்போதும் திரை. வழியில் பார்த்தால், "வேலை கூட அண்ணா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். எனக்குக் கோபம்கூட வந்தது. சாம்பார்ப் பொடியில் காரம் கூடிவிட்டதா, நாம் எதையாவது தப்பாகப் பேசிவிட்டோமா என்று மனைவியை நச்சரித்தேன். எதிரில் இருந்த காரணத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அவர்கள் வாசலில் வாடகை லாரி நின்றது. ஓடிப் போனேன்.

"என்ன தம்பி, சொல்லவே இல்ல?"

"ஓம் அண்ணா, அவசரமா முடிவெடுத்தது. அங்கால டண்டினோங் பக்கம் ஒரு யூனிட் கிடைச்சது. சின்னன்தான். பரவாயில்லை."

"பிள்ளையோட ஸ்கூல்?"

"மாத்தத்தான் வேணும். அழுதுகொண்டுதான் இருக்கிறாள். அங்க நாய் வளர்க்க விடமாட்டினமாம்."

மெத்தையைத் தூக்கக் கை கொடுக்கலாம் என்று உள்ளே போனேன். படுக்கையறை இரண்டும் காலியாகக் கிடந்தன. மூன்று மெத்தைகளையும் அறைகளுக்கு நடுவிலுள்ள நடையில், ஜன்னலே இல்லாத இடத்தில், அந்த வீட்டில் இருந்த ஒரே செங்கல் சுவரை ஒட்டி வரிசையாகப் போட்டிருந்தார்கள். தலைமாட்டில் பிள்ளையின் பாடப் புத்தகங்கள். பல நாளாக அங்கேயேதான் படுத்து எழுந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. ஏன் இங்கே என்று கேட்டுவிட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார். "ஆரோ சுடுறாங்கள் அண்ணா. பின்னேரத்தில, பொழுது சாயுற நேரம். ரெண்டு மாசமா."

"அந்த ஆட்டுக்காரரா இருக்கும்" என்றேன். இரண்டாவது பொய்.

"இல்லையண்ணா. அவர் சுட்டா ஊருக்கே கேக்கும். அதோட அவர் முதலே மெசேஜ் போட்டுடுவார். பிள்ளைக்கும் சொல்லிப் போடுவன், அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அதுக்கு ஆர் பயப்படுறது? இது வேற. இது சத்தத்தைக் குறைச்சுச் சுடுறது. எனக்குத் தெரியும் அந்தச் சத்தம். முயலுக்கும் நரிக்கும் சுடுறவன் ஏன் அண்ணா ஒளிச்சுச் சுடோணும்?"

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே."

"எப்பிடிச் சொல்லுறது? விசா அலுவல் இன்னும் முடியேல்லை. எங்கட பேர் ஒரு இடத்திலயும் வராம இருந்தாப் போதும். ஊரில எங்கட மாமாவைத் தேடி வந்தவங்களும் முதல்ல ரெண்டு மூண்டு கிழமை சும்மா சுத்தினவங்கள்தான். இந்தச் சத்தம் கேட்டதுக்குப் பிறகு மனுசிக்கு நித்திரையே இல்லை."

லாரியில் பாதிச் சாமான்தான் ஏறியிருந்தது. சமையல் பாத்திரங்கள், நாற்காலிகள் எல்லாம் இன்னும் உள்ளேதான் இருந்தன. அப்போது நான் சொல்லியிருக்கலாம். "தம்பி, அது நான்தான், முயலுக்குத்தான், என் மடத்தனம், மன்னிச்சிடுங்க" என்று நான்கு வார்த்தை. அவர் என்னைத் திட்டியிருக்கலாம். சிரித்துமிருக்கலாம். ஏற்றியதை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே இருந்திருக்கவும் கூடும். அவர் மனைவி தன் அறையில் தூங்கியிருப்பார், பிள்ளை அதே பள்ளிக்குப் போயிருக்கும். வேறு ஊருக்குப் போனாலும் பின்னால் துரத்திக்கொண்டு வருகிறார்கள் என்ற நினைப்பாவது அவர்களை விட்டுப் போயிருக்கும். இதெல்லாம் அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

வாய் திறக்கவில்லை. வெட்கம். இரண்டு மாதம் இவரை இப்படிச் சுவரோரம் படுக்கவைத்தவன் நான் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் துணிவு இல்லை. மெத்தையின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறு முனையை அவர் பிடித்தார். லாரியில் ஏற்றினோம். இரண்டாவதையும் ஏற்றினோம். மூன்றாவது சின்னது, பிள்ளையுடையது, அதை நான் ஒருவனே தூக்கிக்கொண்டு போனேன்.

எல்லாம் ஏற்றி முடித்ததும் அவர் மனைவி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பிள்ளை நாயைக் கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். நாயை அன்று சாயங்காலம் வேறு யாரோ வந்து வாங்கிக்கொள்வதாக ஏற்பாடாம். தம்பி இந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். போய்வருகிறேன் என்று சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணா, உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு இவ்வளவு நாளா யோசிச்சுக்கொண்டிருந்தனான். பயப்படுத்தக் கூடாதெண்டு சொல்லேல்லை. அந்தச் சத்தம் உங்கட காணிப் பக்கமாத்தான் வருது. அக்காவைப் பின்னேரத்தில தனிய வெளியில விடாதேங்கோ. நான் சில நாள் ஜன்னலுக்குப் பின்னால நிண்டு உங்கட வீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான். இனிப் பார்க்க ஆளில்லை. கவனமா இருங்கோ, என்ன?"

"சரி தம்பி" என்றேன். "கவனமா இருக்கோம்."