கல்குவாரிக்கும் சேர்த்துக் கட்டிய காப்பு

சின்னமனூருக்கு மேற்கே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாவு மில் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு மாதம் இருந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மேகமலையில் ஏலக்காய் பறித்திருக்கிறேன், கரும்பு வெட்டியிருக்கிறேன், குமுளிக்குக் காய்கறி ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராக இருந்திருக்கிறேன். மலைப்பாதையில் அந்த லாரி கவிழ்ந்து இடது கை ஒடிந்தது. எலும்பு கூடியது, பழைய பலம் வரவில்லை. மாவு சலித்துப் பையில் கட்டும் வேலை அந்தக் கைக்குத் தோதாக இருந்தது.

மில் ஓர் அக்காவுடையது. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார். அக்கா தனியாகவே மில்லை ஓட்டினார். எந்நேரமும் புருவம்வரை மாவு படிந்திருக்கும்.

ஒருநாள் ஆடு மேய்க்கிற அம்மா ஒருவர் கேப்பை அரைக்கக் கொண்டுவந்தார். பையின் வாயைக் கண்ணாடி போலத் தெரியும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றால் சுற்றிக் கட்டியிருந்தார். ஆஸ்பத்திரியில் என் கையில் குளுக்கோஸ் ஏற்றிய அதே குழாய். நான் சொல்வதற்குள் அக்கா அதை அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டார். உள்ளே கருஞ்சிவப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

“இது எங்கன கெடச்சுச்சு பெரியம்மா?”

“குவாரியில கொட்டிக் கெடக்கு. நல்லா இழுத்துக் கட்ட வருதேன்னு எடுத்தாந்தேன். எல்லாரும்தான் எடுத்தாறாக. அவரைப் பந்தலுக்குக் கூட அதத்தான் கட்டியிருக்காக.”

அது உண்மை. அன்று மாலை நாங்கள் குவாரிக்கு நடந்தபோது வழியெல்லாம் பார்த்தோம். ஆட்டுக் கழுத்தில், வேலிப்படலில், தக்காளிச் செடிக்கு ஊன்றிய குச்சியில் எல்லாம் அந்தக் குழாய். காசில்லாமல் கிடைத்த நல்ல கயிறு என்று ஊரே நினைத்திருந்தது.

கல் எடுத்து முடித்துக் கைவிட்ட குவாரி அது. பாதிக்குமேல் நிரம்பியிருந்தது. ஊசிகள், கையுறைகள், கோழிக் குடல் அடைத்த சாக்குகள், பஞ்சுப் பொதிகள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக்குக் காய்கறி கொண்டுபோன லாரிகள் திரும்பும்போது வெறுமனே வராமல் இதை ஏற்றி வந்து கொட்டின. பட்டப்பகலில்தான் கொட்டின, கேட்பதற்கு ஆள் இல்லை. குவாரிக்குக் கீழே, பள்ளத்தில், ஊர் குடிதண்ணீர் எடுக்கும் கிணறு. அக்கா குவாரியையும் பார்த்தார், கிணற்றையும் பார்த்தார்.

“ஐப்பசி மழைக்குள்ள இதக் காலி பண்ணணும். தண்ணி நின்னுச்சுன்னா அம்புட்டும் கெணத்துக்கு எறங்கிரும்.”

“மலையாளத்துக் குப்பைக்கா” என்றேன்.

“குப்பை அவுகளுது. குழியக் குத்தகைக்கு எடுத்து வழி விட்டது யாரு? நம்ம ஊரு ஆளுதான?”

அதன்பின் மில்லை என்னிடம் விட்டுவிட்டு அலைந்தார். தேனிக்கும் உத்தமபாளையத்துக்கும் பஸ் ஏறி இறங்கினார். ஓர் ஆபீசில் வேறு பஞ்சாயத்து எல்லை என்றார்கள், அடுத்த ஆபீசில் வேறு துறை என்றார்கள். குவாரிக் குத்தகைக்காரர் ஊரில் பெரிய தலைக்கட்டு. அவர் சொந்தக்காரர்கள் எங்கள் மில்லுக்கு வருவதை நிறுத்தினார்கள். பக்கத்து ஊர் வரை மூட்டையைச் சுமந்துபோய் அரைத்துவந்தார்கள். அதிலே ஒருவர் வாசலில் நின்று, “மாவரைக்கிறவ மாவ அரைக்கணும், ஊர அரைக்கக்கூடாது” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா மெஷினில் பெல்ட்டை மாட்டிக்கொண்டே, “நல்லா நைசா அரைச்சுத் தர்றேன், வரச் சொல்லுங்க” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ராத்திரி சரியாகச் சாப்பிட மாட்டார், அவ்வளவுதான்.

புரட்டாசி பிறந்தது. அம்மன் கோயில் பொங்கலுக்கு ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்த ஊரில் காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை எல்லைக்கல்லுக்கு உள்ளே கவிச்சி வரக்கூடாது, மீன் கருவாடு எதுவும் கூடாது. மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவர்கள் எல்லையைத் தாண்டவும் கூடாது. அக்கா அதுவரை காப்புக் கட்டியதில்லை. மில்லைப் போட்டுவிட்டு விரதம் இருக்க முடியாது என்பார். அந்த வருடம் முளைப்பாரி எடுக்கிறேன் என்று பேர் கொடுத்தார். கூட்டத்தில் பெண்கள் நிற்கும் பக்கத்திலிருந்து பேசினார்.

“ஒரு சந்தேகம் பூசாரியய்யா. காப்புக் கட்டுன பெறகு செத்த கோழியோட கொடலு ஊருக்குள்ள வரலாமா?”

“என்னத்தா கேள்வி இது? கருவாட்டுக்கே வழி கெடையாது.”

“ரத்தம் ஒட்டுன பஞ்சி?”

பூசாரி நெளிந்தார். “அதெல்லாம் எவ கொண்டாரப் போறா?”

“எவளும் கொண்டாரல. லாரியில வருது. குவாரி எல்லைக்கல்லுக்கு உள்ளதான இருக்கு?”

பின்னாலிருந்து ஒரு பெரியவர், “உள்ளதான். அங்கன எடுத்த கல்லுலதான கோயிலு கட்டுனோம்” என்றார்.

எல்லோரும் குத்தகைக்காரரைப் பார்த்தார்கள். முதல் காப்பு கட்டிக்கொள்ளும் உரிமை அவர் வகையறாவுக்குத்தான். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். “சாமி காரியத்துல நான் குறுக்க நிக்க மாட்டேன்” என்றார். அவரால் வேறென்ன சொல்ல முடியும்?

காப்புக் கட்டிய பிறகும் ஒரு லாரி வந்தது. டிரைவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. எல்லைக்கல்லருகே வேப்பிலைத் தோரணத்தின் கீழ் பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

“எறக்காமப் போனா எனக்கு வாடகை கெடையாதுத்தா” என்றான் டிரைவர்.

“எறக்குனா ஆத்தா ஒன்னையத்தான் பிடிப்பா, பாத்துக்க” என்றார் ஆடு மேய்க்கிற அம்மா.

அக்கா அவனிடம், “ஒன்னைய யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாக. சாப்பிட்டியாப்பா?” என்று கேட்டார். நானே லாரியில் பட்டினி கிடந்தவன். அந்தக் கேள்வியை அதற்குமுன் எந்த ஊர்க்காரரும் என்னிடம் கேட்டதில்லை. அவன் சாப்பிட்டான். லாரி அங்கேயே நின்றது. “இதையும் எடுத்துட்டுப் போகணும், உள்ள கெடக்குறதையும் எடுத்துட்டுப் போகணும்” என்பதுதான் அக்காவின் ஒரே பேச்சு.

போலீஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது. மறுநாள் தேனி ஆபீசிலிருந்து அழைப்பு வந்தது, அக்கா நேரில் வந்து பேச வேண்டுமாம். இத்தனை நாள் அவர் தவம் கிடந்தது அந்த அழைப்புக்குத்தான். ஆனால் கையில் மஞ்சள் கயிறு. அவர் எல்லையைத் தாண்டினால் காப்பு குலைந்தது என்று ஆகிவிடும். அப்புறம் லாரியை எந்த வாயால் நிறுத்துவது?

குத்தகைக்காரரின் தம்பி மில்லுக்கே வந்தார். “போயிட்டு வாக்கா. ஊருக்கு நல்லதுதான. கார் வேணும்னா தர்றேன்.”

“நீ கார் குடுக்குறப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சுப்பா” என்றார் அக்கா.

என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவோடு நின்றவர்களில் காப்புக்கும் எல்லைக்கும் கட்டுப்படாதவன் நான் ஒருத்தன்தான். கிணற்றுத் தண்ணீர் ஒரு கேனும், குழாய்கள் ஒரு பையும் கொடுத்து அனுப்பினார்.

ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்தம்மா எங்க? உனக்கு இதுல என்ன சம்பந்தம்? நீ அந்த ஊரா?”

“இல்ல சார். ஆனா அந்தக் கெணத்துத் தண்ணியத்தான் குடிக்கிறேன்.” காப்பு விஷயத்தைச் சொன்னேன். “அவுக வர முடியாது. நீங்கதான் வரணும்.”

அவர் பையைத் திறந்து பார்த்தார். அடுத்த நாள் ஜீப் வந்தது. அக்கா கல்லுக்கு உள்பக்கம் நின்றார், ஆபீசர் வெளிப்பக்கம் நின்றார். கொஞ்சம் அங்கிருந்தே பேசிப் பார்த்தார். அக்கா, “உள்ள வந்து பாருங்க சார்” என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. கடைசியில் ஆபீசர் உள்ளே வந்தார். குவாரி விளிம்பில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு செல்போனில் பேச ஆரம்பித்தார்.

குத்தகைக்காரர் செலவிலேயே அள்ள வேண்டும் என்று உத்தரவானது. ஜேசிபி வந்தது, லாரிகள் வந்தன. கொட்டவந்து நின்ற லாரியும் தன் பாரத்தோடு போனது. அள்ள அள்ள அக்கா வெயிலில் நின்றார். முளைப்பாரி கரைத்து, கயிறு அவிழ்த்த பிறகும் நின்றார். கடைசி மூலையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்று குடத்தோடு கிணற்றுக்குப் போனார்கள். அங்கே அக்கா முள்ளை வெட்டிக் கிணற்றைச் சுற்றி அடைத்துக்கொண்டிருந்தார்.

“டெஸ்ட் பண்ணிச் சொல்ற வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது.”

லாரி முன்னால் உட்கார்ந்த அதே பெண்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். தோட்டத்து போர்வெல் தண்ணீருக்கு அவ்வளவு தூரம் நடக்க வேண்டுமே. குத்தகைக்காரர் வீட்டு ஆட்கள்கூட அப்படித் திட்டவில்லை. அக்காவும் அவர்களோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கார்த்திகை போனது, தை போனது. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து என்னிடம் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தார். முதலில் வந்த பதில்கள் நல்லதாக இல்லை. அதைச் சொன்ன பிறகு திட்டுவது குறைந்தது. நானும் கிளம்பவில்லை. பாட்டிலை யார் கொண்டுபோவது?

கோடை தொடங்கியபோதுதான் குடிக்கலாம் என்று பதில் வந்தது. முள்ளை அக்காவே இழுத்துப் போட்டார். முதல் வாளியை இறைத்து, கையில் ஏந்திக் குடித்தார். சுற்றிலும் நின்றவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“முந்திக்கு இப்ப உப்பு கொஞ்சம் கூடுனாப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டு, வாளியைப் பக்கத்தில் நின்றவரிடம் நீட்டினார்.