வியாழக்கிழமை பதினோரு மணி நம்பர்

“ரெண்டும் சேர்ந்துதான் ஓடணும். பழசை அணைச்சிட்டுப் புதுசைப் போடுன்னா எப்படி நடக்கும்?” என்றார் மாப்பிள்ளை.

அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மனைவி குழந்தையின் துண்டைத் தேடிக்கொண்டிருந்தாள். மாமனார் பேத்தியை மடியில் போட்டு, அவள் கொட்டாவி விடும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப யாருங்க உங்களை வம்புக்கு இழுத்தா?” என்றாள் மனைவி.

மாப்பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. அங்கே இருக்கும் மெஷின்களுக்கு ஒன்றையொன்று பெயரை வைத்துத் தேடத் தெரியாது, நம்பர் வேண்டும். ‘லேப் எங்கே?’ என்று ஒரு மெஷின் கேட்டால், இன்ன நம்பர் என்று சொல்வதற்கென்றே ஒரு பெட்டி இருந்தது. நேம் சர்வர் என்பார்கள். அதற்கு வயதாகிவிட்டது. புதிதாக ஒன்று வந்தது. ஆனால் எல்லா மெஷினும் பழசையே கேட்டுப் பழகியவை. ஒவ்வொன்றாகப் புதுசின் பக்கம் திருப்பும்வரை இரண்டும் ஓடியாக வேண்டும். ஒரு வார்டு இடம் மாறினால் இரண்டிலும் மாற்ற வேண்டும். ஒன்றில் விட்டுப்போனால் பாதி ஆஸ்பத்திரி காலி அறைக்கு ரிப்போர்ட் அனுப்பும். ஆறு வாரமாக இதே பிழைப்பு. மனுஷன் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது.

“பழசை அணைச்ச மறுநாளே பத்து நாள் லீவு எடுத்துக்க” என்றிருந்தார் மேனேஜர். குழந்தை பிறந்ததிலிருந்து மாப்பிள்ளை அவளைக் கையில் ஏந்தியதெல்லாம் குளித்துக் கிளம்பும் அவசரத்தில்தான்.

பழசிடம் வந்து கேட்கும் மெஷின்களின் நம்பர்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்றே ஒன்று நின்றது. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் வந்து கேட்டுவிட்டுப் போகும். யாருடையது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

“ஏதோ ஓட்டை பிரிண்டரா இருக்கும். அணைச்சுத் தொலைப்பா” என்றார் மேனேஜர்.

“ஒரு மணி நேரம் பழசோட வாயை மட்டும் பொத்தி வைக்கிறேன் சார். யாரு கத்துறாங்கன்னு பார்ப்போம்.”

அவர்கள் தொழிலில் அதுதான் வழக்கம். அடுத்த வியாழன் அப்படியே செய்தார். பதினொன்று பத்துக்கு போன் வந்தது. ரத்த வங்கியிலிருந்து பேசியது அங்கே வேலை செய்யும் ஒரு அம்மா.

“சார், ஃபிரிட்ஜ் சூடானா எங்களுக்கு மெசேஜ் வரும்ல? வாராவாரம் இந்நேரத்துக்கு ஒரு டெஸ்ட் மெசேஜ் வரும். இன்னிக்கு வரல.”

மாப்பிள்ளை படியிறங்கி ஓடினார். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், தூசிக்குள் ஒரு சின்னப் பெட்டி. பழைய சர்வரின் நம்பரை அதில் கையாலேயே போட்டிருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் ‘தற்காலிகம்’ என்று எழுதி, எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

“யாரு சார் இந்த வேலையைப் பார்த்தது? கையில கெடைச்சா நாலு வார்த்தை கேக்கணும்” என்றாள் அந்த அம்மா.

“கேளுங்கம்மா. நான்தான்.”

இரண்டு நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று பட்டியலில் சேர்க்காமல் விட்டது அவரே. சரிசெய்ய இரண்டு நிமிஷம் ஆனது. ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. அந்த வருஷம் இதுபோல் இன்னும் எத்தனை சீட்டு ஒட்டினோமோ? மாதம் ஒருமுறை கேட்கிற பெட்டி ஒன்று எங்காவது தூங்கிக்கொண்டிருந்தால்?

“சார், இன்னும் ஒரு மாசம் ரெண்டும் ஓடட்டும்.”

“அப்ப லீவும் ஒரு மாசம் தள்ளும். யோசிச்சுக்க.”

யோசித்தார். தள்ளட்டும் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி குழந்தையின் துண்டை மூன்று தடவை மடித்தாள்.

அந்த மாதம் மாடி மாடியாக ஏறி, ஒவ்வொரு மெஷினுக்கும் பின்னால் தலையை விட்டுப் பார்த்தார். இன்னும் இரண்டு சீட்டு கிடைத்தன. இரண்டும் அவர் கையெழுத்து.

நேற்று மத்தியானம் பழசை அணைத்தார். யாரும் கத்தவில்லை.

இன்று காலையில் குளிக்கவில்லை, கிளம்பவில்லை. தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். போனை மாமனார் கையில் கொடுத்தார்.

“இதை நீங்க வச்சுக்கங்க மாமா. பத்து நாளைக்கு யாரு கத்துறதா இருந்தாலும் இந்தத் தொட்டில்லேர்ந்து கத்தட்டும்.”