பேத்தியின் மருந்துக்கு வழி தேடியவர்

என் பேத்திக்கு அப்போது நான்கு வயது. வலிப்பு வரும். இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் ஒரே மகள், ஒரு மருந்தைக் காலையும் இரவும் கொடுத்துத்தான் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தாள். அந்த மருந்து ஐரோப்பாவில் தயாராகிக் கடல் தாண்டி வரும். கம்பெனியை மாற்றினால் வலிப்பு திரும்பலாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கூத்து நடந்துகொண்டிருந்தது. ஒப்பந்தமே இல்லாமல் வெளியேறினால் துறைமுகத்தில் லாரிகள் தேங்கும், மருந்துக்குத் தட்டுப்பாடு வரும் என்று டிவியில் சொன்னார்கள். கொடைக்கானலில் பள்ளி விடுதி வார்டனாக இருந்து, பிள்ளைகளை அதட்டியே பழகியவள் நான். இவர்களை யார் அதட்டுவது என்று ஆத்திரமாக வந்தது.

மலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே அரிசி, பருப்பு, மாத்திரை எல்லாம் வாங்கி அடுக்கிவிடுவோம். மண் சரிந்து வத்தலக்குண்டு ரோடு அடைத்துக்கொண்டால் பழனி ரோடு இருக்கிறது. கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். அதே நினைப்பில் மகளுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, வெள்ளனே நாலஞ்சு மாசத்துக்கு வாங்கி வச்சா என்ன?"

"அப்படித் தர மாட்டாங்கம்மா. எல்லாரும் அள்ளிட்டுப் போனா மத்த பிள்ளைக என்ன செய்யும்?"

"அப்ப சுத்து வழி எதுவும் கெடயாதா?"

"இது கடலும்மா. இங்க பழனி ரோடெல்லாம் கெடயாது."

சிரித்தாள். கூடவே அழுதாள். நான் வத்தலக்குண்டு வரை இறங்கி, கடை கடையாக ஏறி விசாரித்தேன். அந்த மருந்து எங்கேயும் இல்லை.

பயந்தது போலவே, ஆளாளுக்குப் பதறியதில் அவர்கள் ஊர்க் கடையில் மருந்து தீர்ந்துவிட்டது. வீட்டுப் புட்டியில் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். அந்த மருந்துக்கடையில் வேலை பார்த்தவர் ஒரு போலந்துக்காரப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் சின்னவர். பிரிட்டன் வெளியேறுவதால், தானே அந்த நாட்டில் தொடர்ந்து இருக்கலாமா என்று விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவர். மகள் கெஞ்சக்கூட இல்லை. அவரே பக்கத்து ஊர்க் கடைகளுக்கெல்லாம் போன் போட்டிருக்கிறார். ஓர் ஊரில் ஒரு புட்டி இருப்பது தெரிந்ததும், வேலை முடிந்த கையோடு பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்து மகள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். மழையில் தொப்பலாக நனைந்திருந்தாராம். பேத்திக்கு ஒரு வேளை மருந்துகூடத் தப்பவில்லை.

வீடியோ காலில் அவரைப் பார்த்தேன். விடுதியில் வெளிநாட்டுப் பெற்றோரிடமெல்லாம் மணிக்கணக்கில் இங்கிலீஷ் பேசியவள்தான். அன்றைக்கென்று ஒரு வார்த்தை வரவில்லை. "நீ நல்லா இருக்கணும்மா" என்று தமிழிலேயே சொல்லிக் கும்பிட்டேன். அவரும் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்ன புரிந்ததோ, அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

கடைசி நேரத்தில் எப்படியோ ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மருந்தும் தடையில்லாமல் வந்தது. அவருக்கும் தங்க அனுமதி கிடைத்தது. ஆனாலும் அவர் தன் ஊருக்கே திரும்பிவிட்டார்.

"இத்தனை வருஷம் வேலை பாத்த இடத்துல, இருந்துக்கலாமான்னு கேட்டு நிக்க வச்சுட்டாங்களே, மனசு விட்டுப்போச்சுன்னு சொன்னாங்கம்மா" என்றாள் மகள். பிள்ளைக்கு மருந்து கிடைத்த சந்தோஷத்தைக்கூட அன்றைக்கு என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, அவருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லி எங்கள் சர்ச் பங்குச் சாமியாரிடம் போனேன்.

"யாருக்காகம்மா?" என்று கேட்டார்.

"என் மகளுக்காக, சாமி. போலந்துல இருக்கா."

"உங்க மக இங்கிலாந்துலல்ல இருக்காங்க?"

"அது மூத்தவ, சாமி" என்றேன்.