அக்காவின் கணவரும் என் கிளட்சும்

வண்டிகளைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று என் அக்காவின் கணவர் நம்பினார். கொள்ளேகாலில் விதையும் உரமும் விற்கும் கடை அவருக்கு. பதினைந்து வயதில் டிராக்டர் ஓட்டியவராம். அதனால் உலகத்தில் உள்ள எல்லா இஞ்சின்களும் தனக்குக் கட்டுப்பட்டவை என்ற எண்ணம். அவருடைய பழைய காரைத்தான் நான் வாங்கியிருந்தேன். அதில் ஒரு குறை சொன்னால் அவர் குலத்தையே குறை சொன்னதுபோல முகம் சுண்டிப்போகும்.

சத்தம் ஆரம்பித்தது ஒரு மழைக்காலத்தில். கிளட்சை மிதித்தால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டுவதுபோல ஓர் இரைச்சல். காலை எடுத்தால் நின்றுவிடும். சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டர்காரர்கள் குனிந்து என் சக்கரத்தைப் பார்ப்பார்கள். நான் மாமாவுக்குப் போன் செய்து, போனைப் பெடலுக்குப் பக்கத்தில் பிடித்தேன். கொள்ளேகாலில் இருந்தபடியே கேட்டுவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: “அது ரேடியேட்டர் ஃபேன் அம்மிணி. ஓட்டு, ஒண்ணும் ஆகாது.”

ஹெப்பாளில் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு அருகில் ஒரு மெக்கானிக் இருந்தார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்.

“கிளட்ச் பேரிங் போயிருக்கு அக்கா. பிளேட்டும் ஸ்லிப் ஆகுது. ஊருக்குள்ள மெதுவா ஓட்டுங்க, அஷ்டே, அவ்ளோதான். ஹில்ஸ் எல்லாம் பேடா, வேணவே வேணாம்.”

“எத்தன நாள் தாங்கும்?”

“நாளைக்கே நிக்கலாம், ஒரு மாசமும் ஓடலாம். இங்கயே விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல குடுத்தர்றேன்.”

நான் விட்டுவிட்டு வரவில்லை. தொழிற்சாலையில் என் வேலை என்ன தெரியுமா? தரப் பரிசோதனை. மற்றவர்கள் செய்த பொருளில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவள், இரண்டு நாள் பஸ்ஸில் போகச் சோம்பல்பட்டு, ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டினேன். மாமாவை முட்டாள் என்று நினைத்தபடியே அவர் சொன்னதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

அக்காவுக்கு அந்த வருடம் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்திருந்தது. உடம்பு தேறியதும் மாதேஸ்வரன் மலைக்கு வருவதாக வேண்டியிருந்தாள். என் காரிலேயே போகலாம் என்று மாமா முடிவு செய்தார். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். “பயமுறுத்துனாத்தான அவனுக்குப் பொழப்பு” என்றார்.

கொள்ளேகாலில் அவர்களை ஏற்றிக்கொண்டு நான்தான் ஓட்டினேன். ஹனூர் தாண்டி, சின்ன மேடுகளிலேயே இஞ்சின் அலறியது, வண்டி வேகம் எடுக்கவில்லை. முன்சீட்டில் இருந்த மாமா, “கியர மாத்து, கியர மாத்து” என்று சொல்லிக்கொண்டே வந்தார். மலை தொடங்கும் தாளபெட்டாவில் ஓரமாக நிறுத்தினேன்.

“இதுக்கு மேல நான் ஓட்ட மாட்டேன் மாமா. பஸ்ஸுல போலாம்.”

“ஆபரேஷன் பண்ணுன உடம்ப வெச்சுக்கிட்டு அவ பஸ்ஸுல நிப்பாளா?”

“பாதி மலையில வண்டி நின்னா எங்க நிப்பா?”

“சாவியக் குடு. ஓட்டத் தெரியாதவங்க கையில இருந்தா எந்த வண்டியும் கத்தத்தான் செய்யும்.”

கொடுத்தேன். அப்போது பின்கதவு திறந்தது. கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் கணவர் பேச்சை ஒரு முறைகூடத் தட்டியிராத அக்கா, பையோடு இறங்கி நின்றாள்.

“நீங்க முன்னால போங்க. நான் இவகூட பஸ்ஸுலயே வந்தர்றனுங்க.”

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். தேங்காய் பழமெல்லாம் டிக்கியிலேயே போய்விட்டது.

பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து அக்காவுக்கு இடம் கொடுத்தார். நான்கைந்து வளைவு தாண்டியதும் கருகல் நாற்றம் உள்ளே வந்தது. அடுத்த வளைவில் என் கார் பாதிப் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. பின்சக்கரங்களுக்கு யாரோ கல் முட்டுக் கொடுத்திருந்தார்கள். கிளட்ச் எரிந்துபோன வண்டியின் பானெட்டைத் திறந்து, மாமா ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவனையும் சேர்த்துக் கன்னடத்தில் திட்டினார். பஸ்ஸில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவ்வளவு நிறைவாக நான் சிரித்து நாளாகியிருந்தது.

அக்கா சிரிக்கவில்லை. “நிக்கும்னு தெரிஞ்சேதான சாவியக் குடுத்த?” என்றாள் மெதுவாக.

பஸ் ஒதுங்கி முன்னேறும்போதுதான் காரின் பின்னால் நின்ற டெம்போவைச் சரியாகக் கவனித்தேன். நிறைய பக்தர்கள், மடியில் குழந்தைகள். என் காரின் பின்பக்கத்துக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளிகூட இல்லை. கார் பின்னால் உருண்டு போய்த்தான் கல்லில் நின்றிருக்கிறது. மாமாவை இளக்காரம் செய்ய எனக்கு என்ன யோக்கியதை என்று அன்றைக்கு முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மேலே கடையில் வேறு தேங்காய் வாங்கி வேண்டுதலை முடித்தோம். மாமா பிற்பகலில் யாருடைய ஜீப்பிலோ வந்து சேர்ந்தார். சாமியைக்கூடச் சரியாகக் கும்பிடவில்லை. வண்டியைக் கட்டி இழுத்துப்போய்க் கொள்ளேகாலில் பிளேட், பேரிங் எல்லாம் மாற்றினார்கள்.

இப்போது எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமா அந்தக் கதையைச் சொல்கிறார். நல்ல வண்டியாம். நான் கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டி ஓட்டித் தேய்த்துவிட்டேனாம். என் முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் தட்டில் கவனமாக இருப்பேன்.

ஹெப்பாள் மெக்கானிக்கிடம் பிறகொரு நாள் இதைக் கேட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஓட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஹௌது அக்கா, ஆமா, கால் கிளட்ச் மேலயேதான் இருக்கு” என்றார். அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷத்தை அவருக்குக் கொடுக்கும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை.