முனியாண்டி கல்லை எடுத்த நாள்

பதுளை மாநகர சபைக் கட்டடத்தின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளே தமிழ் பேசும் உத்தியோகத்தர் அம்மா அன்பாகத்தான் சொன்னார்.

"உங்க காணியில கோயில் கட்டப் போறீங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டு ஆட்சேபனை குடுத்திருக்காங்க. சாமி வச்சுக் கும்பிடுற எடத்துல ஒபிஸ் கட்ட நாங்க சிபாரிசு பண்ண ஏலாது. வெள்ளிக்கிழமை காணி பார்க்க வருவோம். அன்னைக்கு அங்க என்ன இருக்கோ அதத்தான் எழுதுவோம்."

மாரியம்மன் தாயின் அருளை நம்புகிற உறவுகளே, அன்று நான் பட்ட பயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் அவள் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரியும்.

நான் பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவள். பதுளை டவுனில் ஒரு வாடகை அறையில் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன். தோட்டத்துச் சனங்களின் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், மனு எல்லாவற்றையும் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. அந்த அறையை விட்டு எழும்பச் சொல்லிவிட்டார்கள். சொந்தமாக ஒரு மாடிக் கட்டடம், கீழே என் ஒபிஸ், மேலே சட்டத்தரணிகளுக்கு அறைகள் என்று நானும் என் கணவர் ராஜேந்திரனும் திட்டம் போட்டோம். அதற்காக அவர் தன் லொறியை விற்றார். தன் லொறியில் ராஜா மாதிரிப் போனவர், இப்போது அடுத்தவர் லொறியை ஓட்டுகிறார். மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியதைப் பார்த்த சனம் நாங்கள். சரிவு பார்க்காமல் காணி வாங்குவோமா? மண் பரிசோதனை எல்லாம் நல்லபடி முடிந்திருந்தது. குடியிருப்புக்கென்று ஒதுக்கிய பகுதியில் ஒபிஸ் கட்ட அனுமதி, அது ஒன்றுதான் பாக்கி.

எங்கள் புத்தியைப் பாருங்கள். காணியை வாங்கிய கையோடு, அனுமதி கேட்பதற்கும் முன்னால், மூலையில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் குங்குமம் பூசி, தேங்காய் உடைத்து, முனியாண்டியைக் காவல் வைத்துவிட்டோம். தோட்டத்தில் அப்படித்தானே செய்வோம்? புது மலையில் வேலை தொடங்கும் முன் சாமியை வைக்காமல் யார் மண்வெட்டி பிடிப்பார்கள்? அங்கே துரையும் தடுத்ததில்லை, கணக்கப்பிள்ளையும் தடுத்ததில்லை. டவுனில் இப்படி ஒரு கல் தெரிந்தால் நாலு வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது கல் இருந்தால் அனுமதி இல்லை. கல்லை எடுத்தால் தெய்வக் குற்றம். அதுவும் முனியாண்டி! நம்மவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பூனாகலையிலிருந்து என் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் போனிலேயே கும்பிடு போட்டான்.

"அக்கா, நீ என்ன சொன்னாலும் செய்வேன். முனி மேல மட்டும் கைய வக்கச் சொல்லாத. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு."

எனக்கு மட்டும் இல்லையா? ஆத்திரம் வந்தது. ஆனாலும் அவனைத் திட்ட வாய் வரவில்லை. எனக்கும் அதே பயம்தான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. ஆட்சேபனையில் முதல் கையெழுத்து அடுத்த வீட்டு மாத்தயாவுடையது, சிங்களத்தில் ஐயாவை அப்படித்தான் சொல்வோம். சிங்களவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், உயரமான மனிதர். காணிக்குப் போகும்போதெல்லாம் அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் பதுளைக் கடைவீதியில் தமிழர் கடைகள் எரிந்ததை அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தத் தெருவில் நாங்கள் மட்டும்தான் தமிழர்கள். நாளைக்குக் கட்டடம் எழும்பினாலும் அங்கே நிம்மதியாக இருக்க விடுவார்களா? இரவில் நாய் குரைத்தாலும் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளைப் பார்த்தேன்.

புதன்கிழமை பஸ் ஏறிப் பூனாகலைக்குப் போனேன். எங்கள் மாரியம்மன் சந்நிதியில் விழுந்து அழுதேன். "தாயே, நீ எப்படிச் சொன்னாலும் கேட்கிறேன். சொல்லாமல் மட்டும் இருந்துவிடாதே" என்று மன்றாடினேன். பூசாரி ஐயா பூக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் கல்லை எடுக்கலாம். சிவப்பு வந்தால் கூடாது.

உண்மையைச் சொல்கிறேன், சிவப்பு வரட்டும் என்று ஒரு மனம் கெஞ்சியது. கட்டடம் போனாலும் போகட்டும், கல்லைத் தொடும் வேலை இருக்காதல்லவா?

ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டா" என்றார் பூசாரி ஐயா. "கல்ல இங்க கொண்டாந்துரும்மா. முனிக்கு நம்ம கோயில்லயே எடம் இருக்கு."

உத்தரவு கிடைத்தது. தைரியம் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நல்ல மழைத்தூறல். கணவர் முதலாளியிடம் கேட்டு லொறியைக் கொண்டுவந்து ரோட்டில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றிவிட்டுக் காணிக்குள் இறங்கினோம். சூடம் ஏற்றினால் மழையில் அணைந்தது. அதற்கே அவர் முகம் வெளுத்துவிட்டது. "வேணாம் புள்ள, வா போயிருவோம்" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டு, "தாயே, நீ சொன்னதைத்தான் செய்கிறேன்" என்று கல்லில் கை வைத்தேன். அசைத்தேன். அது சேற்றில் புதைந்து போயிருந்தது. வரவில்லை.

அந்த நேரம் பார்த்து அடுத்த வீட்டு கேட் திறந்தது. மாத்தயா குடையோடு எங்களை நோக்கி வந்தார். சண்டை வரப்போகிறது, ஆள் சேரப்போகிறார்கள் என்று கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் எங்கள் செருப்புகளைப் பார்த்தார். தன் செருப்பையும் கழற்றினார். குடையை மடித்து வைத்துவிட்டுக் கிட்ட வந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என்ன செய்யிறீங்க? சாமிய எடுக்கிறீங்களா?"

"ஆமா மாத்தயா. இது கோயில் இல்ல. நாங்க ஒபிஸ்தான் கட்டப் போறோம்."

"ஒபிஸா? அத ஏன் மகள், நீங்க எங்கிட்டச் சொல்லல? என் மனுசி பாரிசவாதத்துல கை கால் விழுந்து படுத்த படுக்கையா இருக்கா. லவுட்ஸ்பீக்கர் வச்சா தாங்க மாட்டா. அந்தப் பயத்துலதான் கையெழுத்துப் போட்டேன்."

ஊர் பூராவுக்கும் சிங்களத்தில் மனு எழுதிக் கொடுப்பவள் நான். பக்கத்து வீட்டு மனிதரிடம் ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருக்கிறேன். அழுகைதான் வந்தது.

அவர் கல்லுக்கு முன்னால் குந்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"இந்தச் சாமி கோவக்காரரா?"

"ஆமா" என்றேன்.

"நான் நெனச்சேன். கையெழுத்துப் போட்டதுல இருந்து எனக்குச் சரியா நித்திரையே இல்ல. சாமிக்கு எதிரா எழுதிட்டேனேன்னு பயம். மகள், நீங்க உங்க பாஷையில என்னையும் மன்னிக்கச் சொல்லிருங்க."

சொன்னேன். அவருடைய பெயரைக் கேட்டு, அதையும் சேர்த்துச் சொன்னேன். பிறகு மூவரும் கை கொடுத்து ஆட்டினோம். கல் வந்தது. லொறி வரைக்கும் அவரும் சேற்றில் நடந்து சுமந்தார். தரையில் வைக்க வேண்டாம் என்று வீட்டுக்குப் போய் ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்து விரித்தார்.

மறுநாள் உத்தியோகத்தர்கள் வந்தபோது அவரே முன்னால் நின்று பேசினார். மற்ற வீட்டுக்காரர்களிடமும் பேசிவிட்டேன், எல்லோரும் ஆட்சேபனையை வாபஸ் வாங்குகிறோம், என் கேட்டுக்கு முன்னால் மட்டும் வாகனம் நிறுத்தக் கூடாது என்றார். அந்த நிபந்தனையோடு அனுமதி கைக்கு வந்தது. இன்று கீழ்த்தளம் எழும்பிவிட்டது. முனியாண்டி பூனாகலைக் கோயிலில் வேப்பமரத்தடியில் இருக்கிறார். எங்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. காணிக்குப் போகும் நாட்களில் முதலில் மாத்தயா வீட்டுக்குப் போய், படுக்கையில் இருக்கும் அந்த அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு இறங்குகிறேன்.

உறவுகளே, அனுமதி வேண்டுமென்றுதான் நான் தாயிடம் கேட்டேன். அந்தத் தெருவில் பயமில்லாமல் வாழ வேண்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. கேட்காததையும் அவள் சேர்த்துக் கொடுத்தாள். உங்களில் யாருக்காவது ஏதாவது ஒரு வாசலைத் தாண்டப் பயமாக இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, பயம் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள். பயத்தோடேயே போங்கள். நானும் பயந்துகொண்டுதான் கை வைத்தேன். அவள் அடுத்த வீட்டிலிருந்து ஆள் அனுப்பினாள்.