இருபத்திரண்டு அடிக்கு ஒரு கண்ணாடி

நஞ்சுண்டன் டேப்பைப் பல்லால் கடித்து அறுக்கிறார். திருப்பி அனுப்பவேண்டிய மூன்றாவது ரெட் டாட்டும் பெட்டிக்குள் போயாயிற்று. ரெட் டாட் என்பது துப்பாக்கியின் முதுகில் பூட்டுகிற சிறு கண்ணாடி. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். புள்ளி நிற்கிற இடத்துக்குக் குண்டு போகும். நஞ்சுண்டனுக்கு மட்டும் அது புள்ளியாக நிற்பதில்லை, வால் முளைத்துச் சிதறுகிறது. "பீஸே டிஃபெக்டுங்க" என்று மூன்று கம்பெனிகளோடும் சண்டை போட்டுவிட்டார். கோளாறு கண்ணாடியில் இல்லை, உங்கள் கண்ணில் என்று கண் டாக்டர் படம் வரைந்து காட்டியும் அவர் நம்பவில்லை.

வயது ஐம்பத்து மூன்று. சத்தியமங்கலத்துக்காரர். அமெரிக்காவில் சுகர் லேண்டிலிருந்து ஃப்ரீவேயில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போய், எண்ணெய்க் குழாய்களில் எங்கே கசிவு என்று கணினியில் கண்டுபிடிப்பது வேலை. பொறியில் சிக்கிய எலியைக்கூட ஓடைக்கரை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வருவார். அப்படிப்பட்டவர் வீட்டுக்குக் கார்பைன் துப்பாக்கி வந்தது இரண்டு வருடத்துக்கு முன்பு. இரண்டு தெரு தள்ளி ஒரு தமிழ்க் குடும்பத்தின் கல்யாண நகைகள் திருடுபோயின. வாட்ஸ்அப் குழு ஒரு வாரம் தூங்கவில்லை. பயத்தையும் பயத்துக்கு மருந்தையும் ஒரே அலமாரியில் வைத்து விற்கிற ஊர் அது. மருந்துச்சீட்டு யாரும் கேட்பதில்லை.

அந்த வருட ஆயுத பூஜையில் லேப்டாப், கார் சாவி வரிசையில் அதுவும் சந்தனம் குங்குமத்தோடு படுத்திருந்தது.

"ஏனுங்க, அதுக்குமா?" என்றார் மனைவி நாகமணி.

"ஆயுதந்தான நாகு?"

மேஜையில் எப்போதும் ஒரு தாள் கிடக்கும். பத்தொன்பது கண்ணாடிகளின் எடை, பேட்டரி ஆயுள், விலை, கீழே விழுந்தால் தாங்குமா என்பதெல்லாம் கட்டம் போட்டு எழுதியிருக்கும். சுடும் பயிற்சிக்கு உடன் வரும் சந்தானம் அதைப் படித்துப் பார்த்துக் கேட்டார்: "தூரம் சொல்லுங்க சார், கண்ணாடி நான் சொல்றேன். அம்பது கஜமா, நூறா?"

நஞ்சுண்டன் படுக்கையறை வாசலிலிருந்து முன்கதவு வரை ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார். "இருபத்திரண்டு அடிங்க."

"சரியாப் போச்சு! கையை நீட்டுனா மூக்குல இடிக்கும். இதுக்கு எதுக்கு சார் ஆப்டிக்?"

நஞ்சுண்டன் சிரிக்கவில்லை. தூரத்தை அளந்த மனிதர், அந்த இருபத்திரண்டாவது அடியில் யார் வந்து நிற்பார் என்று ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. திருடன் முன்கதவைச் சாவி போட்டுத் திறந்து வருவதில்லை. சாவி இருந்தது மூன்றே பேரிடம்.

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம். குண்டு போடாத துப்பாக்கியோடு படுக்கையறை வாசலில் நின்று, கதவைக் குறிபார்த்துப் பழகிக்கொண்டிருந்தார். கதவு திறந்தது. ஆஸ்டினில் படிக்கிற மகள் ரக்ஷா, சொல்லாமல் வந்தவள், அழுக்குத்துணி மூட்டையோடு நின்றாள். கண்ணாடிக்குள் வால் முளைத்த சிவப்பு அவள் முகத்தின்மேல் நின்றது. யாரென்று பிடிபட்டுத் துப்பாக்கியைத் தாழ்த்த அவருக்கு இரண்டு விநாடி ஆயிற்று.

"எம்ப்டி அம்மிணி, எம்ப்டி! பாரு, உள்ள ஒண்ணுமே இல்ல!"

"அது உனக்குத் தெரியும்ப்பா. ஐ டிட்ன்ட் நோ."

மூட்டையை அங்கேயே போட்டுவிட்டுப் போனாள். அந்தத் துப்பாக்கி வீட்டைவிட்டுப் போகும்வரை வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாள். மாதம் ஒருமுறை வருகிறாள். காரை வீட்டுமுன் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். நாகமணி சோற்றை எடுத்துப் போவார்.

படிக்காதவனாக இருந்தால் அன்று மாலையே அந்தச் சனியனை விற்றிருப்பான். நஞ்சுண்டன் எஞ்சினியர். பயம் படித்தவனைப் பிடித்தால் அதற்கும் ஒரு கட்டம் போட்டுவிடுகிறான். தாளில் இப்போது புதிதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது: 'முகம் தெரிதல்'.

"அந்தப் பாழாப்போன டாட்டு மொகத்த மறைச்சுப்போட்டுது நாகு. நல்ல ஸ்கோப்பா இருந்திருந்தா அம்மிணின்னு ஒடனே தெரிஞ்சிருக்கும்."

"கையில அந்தக் கருமம் இல்லாம இருந்திருந்தா வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சிருக்குமுங்க" என்றார் நாகமணி. "நாம பெத்த புள்ள."

நஞ்சுண்டன் தாளை முன்னால் இழுத்துக்கொண்டார். பேட்டரி தீர்ந்தாலும் அழியாத குறிக்கோடுகள் எந்த ஸ்கோப்பில் இருக்கின்றன என்று தேடிக்கொண்டிருந்தார்.

ஒன்றிலிருந்து ஆறு மடங்குவரை பெரிதாக்கும் ஸ்கோப் இந்தச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. அதைத் துப்பாக்கியில் பூட்டுவதற்குள் வெளியே கார் வந்து நிற்கிற சத்தம். நாகமணி சாப்பாட்டுப் பையோடு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கார்க் கதவு திறந்து மூடியது. காருக்குள்ளிருந்து அம்மாவும் மகளும் எதற்கோ சிரிப்பது கேட்டது.

நஞ்சுண்டன் முன்னறை ஜன்னலருகே போகிறார். திரையை இரண்டு விரலால் விலக்கி, வெறும் ஸ்கோப்பைக் கண்ணில் வைக்கிறார். முகம் துல்லியமாகத் தெரிகிறது. பிள்ளை இளைத்துப்போயிருக்கிறாள். மெல்லிய கறுப்புக் குறுக்குக்கோடு அவள் நெற்றியின்மேல் வந்து நிற்கிறது. இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க, வளையத்தை ஆறு வரை திருகுகிறார்.