லென்வர்த் தரையில் கிடந்த நாள்

லிட்டில் கேமன் தீவில் கடலுக்குள் மூழ்கி நீந்த வருகிறவர்களுக்கான டைவ் விடுதிக்குச் சனிக்கிழமைதோறும் புது விருந்தினர்கள் வந்து இறங்குவார்கள். அன்று மாலை ஆளுக்கொரு ரம் கோப்பையோடு அவர்கள் படகுத்துறையில் உட்கார்ந்திருக்கும்போது டைவ் வழிகாட்டி லென்வர்த் எழுந்து விதிகளைச் சொல்வான். பவளத்தைத் தொடாதே, ஆமையைத் துரத்தாதே என்பதையெல்லாம் கடகடவென்று ஒப்பித்துவிட்டு, கடைசி விதிக்கு மட்டும் குரலைத் தாழ்த்துவான்.

“கடைசி டைவ் முடிஞ்சா ஒரு முழு நாள் தரையில கிடக்கணும். அப்புறந்தான் விமானம். அவசரப்பட்டு ஏறினீங்க, ரத்தம் குலுக்கித் தொறந்த சோடா மாதிரி பொங்கும். அப்படி என்ன உங்க வீட்ல தலைபோற வேலை?”

எல்லோரும் சிரிப்பார்கள். வருஷக்கணக்காக அதே பேச்சு, அதே சிரிப்பு. கேட்டுக் கேட்டுச் சமையல்காரிக்குக்கூட மனப்பாடம்.

அவன் ஜமைக்காக்காரன். தெற்குக் கரையில் அலிகேட்டர் பாண்ட் அவன் ஊர். அங்கே அவன் அம்மா மிஸ் இனெஸ் பொரித்த மீனும் பாமி என்ற மரவள்ளிக்கிழங்கு ரொட்டியும் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கினாள். சிறுவயதில் லென்வர்த் கடலே கதியென்று கிடப்பான். சொட்டச் சொட்ட வந்தால் அவள் வாசல்படி ஏற விடமாட்டாள். துண்டோடு குறுக்கே நிற்பாள். இப்போது அவனுக்குத் தாடியில் நரை விழுந்துவிட்டது. ஆனாலும் அவன் போன் செய்தால் அவளுடைய முதல் கேள்வி மாறவில்லை.

“தலையைத் துவட்டுனியா?”

“எனக்குத் தலையில முடியே இல்லம்மா.”

“அப்போ மண்டையைத் துவட்டு.”

அந்த அம்மாவுக்கு இதயம் தளர்ந்துவிட்டது. மூச்சு வாங்குகிறது, கால் வீங்கிவிட்டது என்று தங்கை வெரோனா சொன்னதும் லென்வர்த் சனிக்கிழமைக்கு டிக்கெட் போட்டான். வெள்ளிக்கிழமை முழுக்கத் தரையில் இருந்துவிட்டுக் கிளம்பலாம் என்பது கணக்கு. கணக்கில் தப்பே இல்லை.

வியாழக்கிழமை காலை மிஸஸ் பெட்டிங்கர் அவனைத் தேடி வந்தாள். ஆண்டுதோறும் புருஷன் எட் என்பவரோடு வருகிறவள், இந்த முறை தனியாக வந்திருந்தாள். கையில் ஒரு சின்னத் துணிப்பை.

“எட் சாம்பல் இதுல இருக்கு, லென்னி. கடலுக்கடியில அந்தப் பவளச் சுவர்கிட்ட விடணும்னு சொல்லிட்டுப் போனாரு. வேற யார்கூடயும் எனக்கு இறங்கப் பிடிக்கல. நீ வருவியா?”

எப்படி மாட்டேன் என்பான்? அவளையும் அவள் புருஷனையும் முதன்முதலில் அந்த ஆழத்துக்குக் கூட்டிப்போனவனே அவன்தான். இருவரும் இறங்கினார்கள். பவளத்திட்டு முடிந்து கடல் நேர் கீழாக இருண்டு போகும் இடத்தில் அவள் பையைப் பிரித்தாள். சாம்பல் புகைபோல் எழுந்தது. தீனி என்று நினைத்து மஞ்சள்வால் மீன்கள் கூட்டமாக ஓடிவந்தன. லென்வர்த் இரண்டு கையாலும் அவற்றை விரட்டினான். அந்த அமளியில் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்பது அவனுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் அவள் கண்கள் நிறைந்திருந்தன.

படகு திரும்பிக் கரையைத் தொட்டபோது போன் அடித்தது. வெரோனா பேசினாள்.

“லென்னி, இன்னைக்கே கிளம்பு. சனிக்கிழமை வரைக்கும் தாங்காதுன்னு நர்ஸ் சொல்றாங்க.”

பிற்பகல் விமானத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அவன் ஈரக் கால்சட்டையோடே துணிகளைப் பைக்குள் திணித்துக்கொண்டு விமானத் திடலை நோக்கி நடந்தான். பாதி வழியில் படகோட்டி டால்டன் மண் தெறிக்க வண்டியைக் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினான்.

“எங்கடா போற?”

“வழியை விடு, டால்டன். அம்மா சாகக் கிடக்குது.”

“காலைல எவ்வளவு ஆழம் போன?”

“சின்ன விமானம்தானே. தாழத்தான் பறக்கும்.”

“கிராண்ட் கேமன்ல மாறி ஏறுவியே, அதுவும் தாழப் பறக்குமா? யாருக்குக் கதை சொல்ற?”

“அப்போ படகுல கொண்டுபோய் விடு.”

“இந்த வடக்குக் காத்துலயா? ரெண்டு பேரும் மீனுக்குத் தீனியாவோம். என் காலைப் பாருடா.” டால்டன் வண்டியிலிருந்து தன் இடது காலைக் கையால் தூக்கி வெளியே வைத்தான். அந்தக் கால் சூம்பிப்போனதும் இப்படி டைவ் முடிந்த கையோடு அவசரமாக விமானம் ஏறியதில்தான். “எனக்குக் காலோட போச்சு. நீ நடுவானத்துல விழுந்தா, உங்கம்மாவுக்கு எந்தச் சேதியை அனுப்பச் சொல்ற?”

லென்வர்த் பையோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டான். தலைக்கு மேலே விமானம் கிளம்பிப் போனது. ஊருக்கெல்லாம் சொன்ன விதி தன் கழுத்திலேயே விழுந்துவிட்டதே என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. மிஸஸ் பெட்டிங்கரை வெறுத்தான். அவள் புருஷனை வெறுத்தான். எல்லோரையும்விட, சரி என்று தலையாட்டிய தன்னை வெறுத்தான்.

மாலையில் வெரோனா போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

“வந்துட்டியாப்பா?”

“நாளைக்குக் கிளம்பிடுவேம்மா.”

“இன்னும் தண்ணியிலயா இருக்க?”

“இல்லம்மா. கரைக்கு வந்துட்டேன்.”

அவள் அதன்பிறகு ஏதோ சொன்னாள். மூச்சிரைப்பில் ஒன்றும் பிடிபடவில்லை.

மறுநாள் காலை மிஸஸ் பெட்டிங்கர் துறைக்கு வந்தாள். விஷயம் அவள் காதுக்குப் போயிருந்தது.

“நான் உன்னைக் கேட்டிருக்கக்கூடாது, லென்னி.”

ஆமாம், கேட்டிருக்கக்கூடாது என்று சொல்லத்தான் அவனுக்கு வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. “உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?” என்றான். பிற்பகல் விமானத்தில் அவளும் வந்தாள். காலிப் பையை நாலாக மடித்து மடியில் வைத்திருந்தாள். கிராண்ட் கேமனில் இறங்கியதும் அவன் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

கிங்ஸ்டன் போய்ச் சேர இருட்டிவிட்டது. வீட்டுக்குப் போன் செய்தான். “வா, பார்த்து வா” என்பதற்கு மேல் வெரோனா வாயைத் திறக்கவில்லை. காலையில் கிடைத்த ஷேர் டாக்ஸியில் ஐந்தாவது ஆளாக நெருக்கியடித்து உட்கார்ந்தான். மலை இறங்கிக் கடல் தெரிந்ததும், அதுவரை ஓயாமல் பேசிக்கொண்டிருந்த டிரைவர் ரேடியோப் பாட்டை நிறுத்தினான். மிஸ் இனெஸின் மகன் என்று அடையாளம் கண்டுகொண்டான் போலிருக்கிறது. வீட்டு முற்றத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அடுக்கிய நாற்காலிகளும் டொமினோ மேசையும் இருந்தன. பெண்கள் மீன் அரிந்துகொண்டிருந்தார்கள். இறந்தவருக்காக ஊர்கூடி விழித்திருக்கும் ஒன்பது இரவுச் சடங்குக்கான ஏற்பாடு தொடங்கியிருந்தது. லென்வர்த்துக்கு யாரும் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

வெரோனா வாசலில் நின்றாள்.

“எப்போ?”

“நேத்து மத்தியானம்.”

வியாழக்கிழமை விமானம் ஏறியிருந்தால் வெள்ளி காலையில் வந்திருப்பான். அதை இருவரும் நினைத்தார்கள்.

அவள் தோளுக்கு மேலாக அறையைப் பார்த்தான். மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள். கட்டில் திசை மாறியிருந்தது. கண்ணாடியைப் படுக்கைவிரிப்பால் மூடியிருந்தார்கள். போனவள் திரும்பி வந்தால் தன் அறை என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டார்கள். வாசலருகே ஒரு நாற்காலி மட்டும் அப்படியே இருந்தது. அதன் மேல் மடித்த துண்டு ஒன்று.

“இதை மட்டும் நான் யாரையும் தொடவிடல,” என்றாள் வெரோனா. “நீ கடலுக்குள்ள போய்ட்டு வந்திருக்க, அதான் இன்னைக்கு வரமுடியலன்னு அன்னைக்கு அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு, ‘அப்போ ஈரமாத்தான் வருவான், வாசல்ல துண்டு எடுத்து வை’ன்னா. கடைசி வரைக்கும் துண்டு இருக்கா, துண்டு இருக்கான்னு எட்டிப் பாக்கச் சொல்லிட்டே இருந்தா.”

அவன் கையை நீட்டினான். வெரோனா துண்டை எடுத்துக் கொடுத்தாள். உடம்பில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஆனாலும் லென்வர்த் வாசல்படிக்கு வெளியிலேயே நின்று, தலையை, கழுத்தை, கைகளை நிதானமாகத் துவட்டினான். பிறகு உள்ளே போனான்.